நான்கு முகங்கள், இரண்டு சம்பளப் படிகள்: ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ ரீமேக்கில் நடந்தது

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஏழு சீசன் ஓடி முடித்து, எட்டாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்த போலீஸ் தொடர் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’. 2017 ஜூன் 30 அன்று, அதன் நான்கு ஆரம்பகால முதன்மை நடிகர்களில் இரண்டு பேர் இனி நடிக்கப் போவதில்லை என்ற செய்தி வந்தது. விலகிய இருவரும் கொரிய வம்சாவளியினர். தொடர்ந்து நடித்த இருவரும் வெள்ளையர்கள். பிரச்சினை சம்பளம்.

அந்தப் பேச்சுவார்த்தை எங்கே முறிந்தது, அதற்கான விதை எப்போது போடப்பட்டது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. பழைய தொடரில் பங்கேற்றவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். 2010-க்குப் பிறகு சம்பந்தப்பட்டவர்களைப் பெரும்பாலும் அவர்கள் ஏற்ற பாத்திரத்தின் பெயராலேயே அழைக்கிறேன். நடிகர்களின் புகழை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்தால், ஒரு சாதாரண வேலையிடத் தகராறாக இது எவ்வளவு பழக்கமானது என்பது தெரியும்.

பின்னணி: 1968-இல் போட்ட வரிசை

முதல் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ 1968 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. லியனர்ட் ஃப்ரீமன் உருவாக்கினார். ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தொடரை அந்தத் தீவுகளிலேயே படம்பிடித்தார்கள். 12 சீசன் ஓடி 1980 ஏப்ரலில் முடிந்தது. பிற்பாடு ‘லா அண்ட் ஆர்டர்’ முந்தும்வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக நீண்டகாலம் ஓடிய குற்றவியல் தொடர் அதுதான்.

கதையின் மையம் நான்கு பேர் கொண்ட சிறப்புப் போலீஸ் குழு. தலைவர் ஸ்டீவ் மெக்காரெட்டாக ஜாக் லார்ட். உதவியாளர் டேனோவாக ஜேம்ஸ் மக்கார்தர். சின் ஹோ கெல்லியாக நடித்த காம் ஃபாங், நடிப்புக்கு வருமுன் ஹொனலூலு போலீஸிலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கோனோவாக வந்த ஜூலு ஹவாய்ப் பூர்வகுடி. வாராவாரம் இப்படி உள்ளூர் முகங்கள் தேசிய ஒளிபரப்பில் தெரிந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். அந்தப் பெருமையைத் தொடருக்குத் தர வேண்டும்.

ஆனால் திரையில் வேலைப் பங்கீடு கறாராக இருந்தது. மெக்காரெட் உத்தரவு போடுவார், டேனோ கைவிலங்கு மாட்டுவார், மற்ற இருவரும் விசாரித்துவிட்டு வந்து தகவல் சொல்வார்கள். நான்காவது சீசனோடு கோனோ போய்விட்டார்; அவர் இடத்துக்கு வேறு பாத்திரம் வந்தது. பத்தாவது சீசனின் முடிவில், 1978-இல், சின் ஹோவைக் கதையிலேயே கொன்றார்கள். கடைசி சீசனில் டேனோகூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக, நாயகனைத் தவிர யார் இல்லாமலும் வண்டி ஓடும் என்ற கணக்கு பழைய தொடரிலேயே பழகிப் போயிருந்தது.

1997-இல் இதைப் புதுப்பிக்க ஒரு முயற்சி நடந்தது. பழைய டேனோவை மாநில ஆளுநராக்கி ஒரு முன்னோட்ட எபிசோட் எடுத்தார்கள். அது ஒளிபரப்பாகவே இல்லை.

ரீமேக்: எதை மாற்றினார்கள், எதைத் தொடவில்லை

2010 செப்டம்பர் 20 அன்று புதிய தொடர் தொடங்கியது. முதல் தொடர் ஆரம்பித்து சரியாக 42 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில். தேதியிலிருந்தே தெரிகிறது, தயாரிப்பாளர்கள் பழசை எவ்வளவு மரியாதையோடு பார்த்தார்கள் என்று.

மாற்றங்கள் துணிச்சலாகவே இருந்தன. கோனோவைப் பெண்ணாக்கினார்கள். அந்தப் பாத்திரத்துக்கு வந்த நடிகை, அதற்கு முன் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ ரீமேக்கிலும் மூலத்தில் ஆணாக இருந்த ஒரு பாத்திரத்தைத்தான் செய்திருந்தார்! சின் ஹோவுக்கு வந்தவர், ஹவாயில் படமான ‘லாஸ்ட்’ தொடரில் 2004 முதல் 2010 வரை நடித்து உலகம் முழுக்க அறியப்பட்டவர். இன்னொரு அழகான ஏற்பாடும் உண்டு. போலீஸ் சார்ஜெண்ட் டியூக் பாத்திரத்தில் நடித்தவர், பழைய சின் ஹோவான காம் ஃபாங்கின் மகன்.

ரசிகர்களின் பேச்சைக் கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மார்டன் ஸ்டீவன்ஸின் தொடக்க இசை அமெரிக்காவில் பாட்டி தாத்தாவுக்கும் தெரிந்த ஒன்று. ‘தி வென்ச்சர்ஸ்’ குழு வாசித்த வடிவம் 1969-இல் பில்போர்டு பட்டியலில் நான்காவது இடம் வரை போனது. ரீமேக்குக்காக அதைக் கிதாரும் மின்னணு ஒலியுமாக மாற்றியபோது எதிர்ப்பு கிளம்பியது. உடனே இசைக்கலைஞர்களைக் கூட்டி, பழைய முறையிலேயே மறுபடி பதிவு செய்தார்கள். முதல் பதிவில் வாசித்தவர்களில் சிலரும் அதில் இருந்தார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: தவறு என்று பட்டதைச் சில வாரங்களிலேயே திருத்த சிபிஎஸ் நிறுவனத்தால் முடிந்தது.

விளம்பரங்களில் நால்வரும் ஒன்றாக நின்றார்கள். திரையிலும் ‘குடும்பம்’ என்ற அர்த்தத்தில் ஹவாய் மொழியின் ‘ஓஹானா’ என்ற சொல் அடிக்கடி வரும்.

தொடாமல் விட்டது பெயர் வரிசையை, அதாவது தொடக்கத்தில் நடிகர்களின் பெயர் காட்டப்படும் வரிசையை. மெக்காரெட் ஒன்று, டேனோ இரண்டு, சின் ஹோ மூன்று, கோனோ நான்கு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி ஹவாயில் ஆசியர்கள் மட்டும் 38.6 விழுக்காடு, வெள்ளையர்கள் 24.7. அந்த மாநிலத்தில் நடக்கும் கதையைப் புதிதாக எழுதும்போது, சின் ஹோவைத் தலைவராக வைத்து யோசிக்க யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் வியப்புதான். நடித்த அனுபவத்தை வைத்து அந்த வரிசை வந்தது என்றும் சொல்ல முடியாது. மெக்காரெட்டாக வந்தவர் அதே சிபிஎஸ்ஸில் அதற்கு முன் நாயகனாக நடித்த இரண்டு தொடர்களும் ஒரே சீசனில் நின்றுபோயிருந்தன. மூன்றாம், நான்காம் இடத்தில் இருந்தவர்களோ வெற்றி பெற்ற தொடர்களிலிருந்து நேராக வந்தவர்கள்.

ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது

தகராறைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் நடைமுறை தெரிய வேண்டும்.

ஒரு புதிய தொடருக்கு நடிகரைத் தேர்வு செய்யும்போது, இறுதித் தேர்வுக்கு முன்பே காண்ட்ராக்ட் பேசி முடித்துவிடுவார்கள். வழக்கமாக அது ஆறு ஏழு ஆண்டுகளுக்கு இருக்கும். ஆண்டுதோறும் எவ்வளவு உயர்வு என்பதும் அப்போதே எழுதப்பட்டுவிடும். இடையில் நடிகரைக் கழற்றிவிடும் உரிமை தயாரிப்பு நிறுவனத்துக்கு உண்டு. கழன்றுகொள்ளும் உரிமை நடிகருக்குக் கிடையாது. கலிஃபோர்னியச் சட்டம் தனிநபர் சேவை ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் கட்டாயப்படுத்த விடாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் 1940-களில் வார்னர் நிறுவனத்தை எதிர்த்து வழக்காடி உறுதிசெய்த கொள்கை அது.

சம்பளம் இரண்டு வகையில் வரும். ஒன்று, எபிசோடுக்கு இவ்வளவு என்ற தொகை. இன்னொன்று, மறுஒளிபரப்பிலும் வெளிநாட்டு விற்பனையிலும் வரும் லாபத்தில் பங்கு. இந்த இரண்டாவது எல்லா நடிகருக்கும் கிடைக்காது. தொடர் நூறு எபிசோடைத் தாண்டிவிட்டால் பெரிய பணம் அங்கேதான்.

முதல் நாள் எந்தப் படியில் ஒருவரை ஏற்றுகிறார்களோ, ஏழாவது ஆண்டிலும் அவர் அதே படியில்தான் நிற்பார். எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டில் உயர்வு கொடுத்தாலும் தொகையில் இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும். இனம் பார்த்து யாரும் குறைக்க வேண்டியதில்லை. 1968-இன் பெயர் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டாலே போதும்.

2017: பேச்சுவார்த்தை

ஏழாவது சீசனின் கடைசி எபிசோட் 2017 மே 12 அன்று வந்தது. அதில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தனிக்குழுவுக்குத் தலைமையேற்கும் அழைப்பு சின் ஹோவுக்கு வருகிறது. கோனோ பாலியல் கடத்தல் கும்பல் ஒன்றைத் துரத்தி விமானம் ஏறுகிறார். இருவரும் திரும்பி வந்தாலும் கதை ஓடும், வராவிட்டாலும் ஓடும். இதற்கு என்ன நோக்கம் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் மேஜையின் ஒரு பக்கத்தில் இருப்பவரிடம் கதவுச் சாவி இருந்தது என்பது மட்டும் கண்கூடு.

ஒப்பந்தம் முடியும் கட்டத்தில் இருவரும் கேட்டது, மெக்காரெட்டுக்கும் டேனோவுக்கும் கொடுக்கும் அதே சம்பளம். ‘வெரைட்டி’ பத்திரிகையின் செய்திப்படி, நிறுவனத்தின் இறுதிச் சலுகை அதைவிட 10 முதல் 15 விழுக்காடு குறைவாக இருந்தது. முதல் இருவருக்கு லாபப் பங்கும் தனியாக இருந்தது.

இந்த 10, 15 என்ற எண்தான் பலரைக் குழப்பியது. ‘இவ்வளவு அருகில் வந்துவிட்டு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?’ என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தை மட்டும் பார்த்தால் இடைவெளி சிறியதாகத் தெரியும். லாபப் பங்கைச் சேர்த்தால் அது அவ்வளவு சிறியதல்ல. அதோடு, கேட்டது சமம். சமத்துக்குக் கொஞ்சம் கீழே என்ற பதிலில், நீங்கள் இன்னும் மூன்றாமவர் நான்காமவர்தான் என்ற செய்தி இருக்கிறது. நிறுவனத்துக்கு மிச்சமாகும் தொகை ஒரு பெரிய தொடரின் பட்ஜெட்டில் அதிகமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. முன்னுதாரணம்தான் அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கும். அடுத்த தொடரின் மூன்றாம் நடிகரும் வந்து கேட்பாரே!

நிறுவனத் தரப்பில் சொல்லத்தக்க வாதமும் இருக்கிறது. கதை மெக்காரெட், டேனோ என்ற இருவரின் நட்பைச் சுற்றியே ஓடியது. மெக்காரெட்டாக நடித்தவர் சண்டைக் காட்சிகளில் முதுகு அடிபட்டுப் பல ஆண்டுகள் அவதிப்பட்டார். அவருக்கு அதிகம் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் பிந்தைய சீசன்களில் டேனோ எல்லா எபிசோடிலும் வரவில்லை. திரை நேரம்தான் அளவுகோல் என்றால் அந்த அளவுகோலை எல்லோருக்கும் வைத்திருக்க வேண்டும்.

அறிவிப்பும் அதன் பின்னும்

உடன்பாடு முறிந்ததும் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. இருவரையும் இழக்க விரும்பவில்லை, கணிசமான உயர்வு தர முன்வந்தோம், மரியாதையோடு பிரிகிறோம் என்பது சாரம். ஜூலை முதல் வாரத்தில் சின் ஹோவாக நடித்தவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். தொடர்ந்து நடிக்கத் தயாராக இருந்ததையும் நிபந்தனைகளில் ஒத்துப்போகாததையும் சொன்னார். நன்றி சொன்ன இடங்களே அதில் அதிகம். சமத்துவத்துக்கான பாதை எளிதாக இருப்பதில்லை என்ற ஒரு வரி மட்டும் எல்லாச் செய்திகளிலும் தலைப்பானது.

அதற்குப் பிறகு தொடரின் தலைமைத் தயாரிப்பாளர் தனியாக ஓர் அறிக்கை விட்டார். இருவருக்கும் முன்னெப்போதும் இல்லாத அளவு உயர்வு கொடுக்கப்பட்டது, ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்கள்தான் என்றார். என் பார்வையில் இந்த விவகாரத்தில் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு செயல் என்றால் இதுதான். உயர்வு எவ்வளவு என்பதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி சமமா இல்லையா என்பது. அதற்கு அறிக்கையில் பதிலே இல்லை. நடிகர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது தயாரிப்புத் தரப்பு தற்காத்துப் பேசியது. பேச்சு இன்னும் சில வாரங்கள் நீண்டது.

கோனோவாக நடித்தவர் அப்போது வாயே திறக்கவில்லை. அடுத்த ஆண்டுதான், பல காரணங்கள் இருந்தன, தன் நேர்மைக்கு எது சரியோ அதைத் தேர்ந்தேன் என்ற அளவில் சொன்னார். ‘பல காரணங்கள்’ என்று அவர் நிறுத்திக்கொண்டதால், சம்பளம் ஒன்றே முழுக்கதை என்று அவர் விஷயத்தில் எழுதிவிட முடியாது.

காலமும் நிறுவனத்துக்குச் சாதகமாக இல்லை. முந்தைய ஆண்டில்தான் அதன் புதிய தொடர்கள் ஆறிலும் நாயகர் வெள்ளை ஆண் என்ற விமரிசனம் எழுந்து, இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று அதன் பொழுதுபோக்குத் தலைவரே ஒப்புக்கொண்டிருந்தார். 2017 ஆகஸ்டில் புதிய தலைவர் தொலைக்காட்சி விமரிசகர்களைச் சந்தித்தபோது, இந்த இருவரைப் பற்றிய கேள்விகள் விடவில்லை.

விளைவு

எட்டாவது சீசன் 2017 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. சின் ஹோ சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார், கோனோ கடத்தல் கும்பலைத் தேடிப் போய்விட்டார் என்று சொல்லிக் கதை நகர்ந்தது. புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரின் தாய் கோவா வழி இந்தியர். இன்னொருவர் நியூசிலாந்தின் சமோவா இனத்தவர். பன்மைத்தன்மையை எண்ணிக்கையால் அளந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு இடமும் மாறவில்லை.

தொடர் நிற்கவும் இல்லை. மேலும் மூன்று சீசன் ஓடி, 240 எபிசோடோடு 2020 ஏப்ரல் 3 அன்று முடிந்தது. விலகியவர்கள் திரும்பி வந்து நடிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு, அவர்கள் போனதும் தொடர் சரிந்தது என்று எழுதும் கட்டுரைகள் இருக்கின்றன. அது உண்மை அல்ல. 2020 ஜூலையில், வேலைச்சூழல் குறித்த புகார்கள் மீதான விசாரணைக்குப் பிறகு அந்தத் தலைமைத் தயாரிப்பாளரை நிறுவனம் நீக்கியது. அது தனி விவகாரம்.

சின் ஹோவாக நடித்தவருக்கு வேறு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. கொரியாவின் ‘குட் டாக்டர்’ தொடரின் உரிமையை அவருடைய சொந்தத் தயாரிப்பு நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. முதலில் சிபிஎஸ்ஸிடமே கொண்டுபோனார்கள், அங்கே எடுபடவில்லை. போட்டித் தொலைக்காட்சியான ஏபிசி எடுத்துக்கொண்டது. 2017 செப்டம்பர் 25 அன்று, தன் பழைய தொடரின் புதிய சீசன் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால், அவர் தயாரித்த தொடர் ஒளிபரப்பானது. பெரிய வெற்றியும் பெற்றது. அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. ‘ஹெல்பாய்’ படத்தில் மூலக்கதைப்படி ஆசியரான ஒரு பாத்திரத்துக்குத் தேர்வான வெள்ளை நடிகர், விமரிசனத்தை ஏற்று ஆகஸ்ட் இறுதியில் விலகியிருந்தார். அந்த வேடம் இவருக்கு வந்தது. கோனோவாக நடித்தவர் 2018-இல் ஏபிசியின் ‘எ மில்லியன் லிட்டில் திங்ஸ்’ தொடரில் முதன்மை வேடத்துக்குப் போனார்.

ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கையில் வேறு வேலை இருந்தவரால்தான் சத்தமாக விலக முடிந்தது. அது இல்லாத ஒரு மூன்றாம் நடிகர் அந்த 85 விழுக்காட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார், நமக்குச் செய்தியே வந்திருக்காது.

மறுபடி நடந்தால்

2017 ஜூனில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பது தாமதமான கேள்வி. 2010-இல் நால்வரின் காண்ட்ராக்டிலும் ஒரே ஒரு விதி இருந்திருந்தால் போதும்: இந்த நால்வரில் எவருக்குத் தொகை கூடினாலும் மற்றவருக்கும் அதே அளவு கூடும். அமெரிக்கத் திரைத்துறைக்கு இது தெரியாத விதி அல்ல. நாயகனுக்கு அதிகம் தருவதென்றால் மூவருக்காவது அதைப் போட்டிருக்கலாம்; அப்போது டேனோவும் சின் ஹோவும் கோனோவும் ஒரே படியில் இருந்திருப்பார்கள்.

நான்காவது ஐந்தாவது சீசன் வாக்கில், தொடர் நூறு எபிசோடைத் தாண்டும் கட்டத்தில், லாபப் பங்கைத் திறந்து பேசியிருக்கலாம். பணம் நிச்சயமாகிவிட்ட காலம் அது. நடிகர்கள் காண்ட்ராக்டுக்குள் இருந்ததால் முறியும் அபாயமும் இல்லை. அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஏழாவது ஆண்டின் கடைசிக்குத் தள்ளியதால், இரு தரப்புக்கும் மிச்சமிருந்தது ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டுமே.

நடிகர்கள் பக்கமும் ஒன்று உண்டு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் ஆறு பேரும் சேர்ந்து நின்று பேசினார்கள்; கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு எபிசோடுக்கு 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். இதே 2017-இன் தொடக்கத்தில், சிபிஎஸ் ஒளிபரப்பிய ‘பிக் பேங் தியரி’ தொடரின் மூத்த நடிகர்கள் ஐவர், தங்கள் சம்பளத்தில் எபிசோடுக்கு ஆளுக்கு 1 லட்சம் டாலரைக் குறைத்துக்கொண்டு, பின்னால் வந்து சேர்ந்த இரண்டு நடிகைகளுக்குக் கூட்டித் தரச் சொன்னதாகச் செய்தி வந்தது. ‘ஹவாய் ஃபைவ்-ஓ’வில் நால்வர் சேர்ந்து பேசியதாக எந்தச் செய்தியும் வரவில்லை. அதற்காக முதல் இருவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் ஏஜெண்ட் தனித்தனி, காண்ட்ராக்ட் தனித்தனி, அடுத்தவர் வாங்குவது என்ன என்பதைப் பேசக்கூடாத விஷயமாகவே துறை வைத்திருக்கிறது. அந்த வழக்கத்தை உடைக்க முடிவது, முதல் சீசன் வெற்றி பெற்ற சூட்டோடு, நால்வரும் ஒரே படகில் இருக்கும்போதுதான்.

2018-இல் அதே தலைமைத் தயாரிப்பாளர், ஹவாயின் அதே ஒவாஹு தீவில் ‘மேக்னம் பி.ஐ.’ என்ற பழைய துப்பறியும் தொடரை ரீமேக் செய்தார். இந்த முறை தலைப்பில் பெயர் உள்ள நாயகன் வேடத்துக்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளி நடிகர் ஒருவரைப் போட்டார்கள். 2017 நவம்பரில் சிபிஎஸ்ஸில் வந்த ‘ஸ்வாட்’ ரீமேக்கிலும் நாயகன் கறுப்பினத்தவர். பெயர் வரிசையின் முதல் இடம் மாறினால், அதன் பின்னால் வரும் சம்பளப் பட்டியலும் மாறித்தான் ஆக வேண்டும்.